எங்கே நின்று பார்ப்பது?

கோட்டூர்புரம் வாரியக் குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2016இல் 'கிளிக் ஆர்ட் மியூசியம்' திறந்தார்கள். தட்டைச் சுவரில் பள்ளம் தெரியும், யானை பாயும். ஆனால் குறித்த இடத்தில்தான் நிக்கணும். ஓரடி தள்ளினா படம் கோணிக்கும்.

இது நமக்குப் புதுசா? அவனவன் நிக்க வேண்டிய இடத்தைக் குறித்துக் கொடுப்பதுதானே சாதி! ஊருக்குள்ளிருந்து பார்த்தா ஒழுங்கு, சேரியிலிருந்து பார்த்தா சுவர். உத்தபுரத்தில் 1989இல் எழுப்பிய சுவர் கண்கட்டு அல்ல. அதில் ஒரு பகுதியை இடிக்கவே 2008 மே 6 வரை ஆனது.

துரைப்பாக்கம் பக்கத்துக் கண்ணகி நகருக்கு வருவோம். எங்க குடியிருப்பை ஒட்டி ஓடும் அடையாற்றின் கரையிலிருந்தும் கூவக் கரையிலிருந்தும் பெயர்த்தெடுத்த சனங்களை 2000 முதல் கொண்டுபோய்க் கொட்டின இடம். 2020இல் 'ஸ்டார்ட் இந்தியா', ஏசியன் பெயின்ட்ஸ், மாநகராட்சி எல்லாம் சேர்ந்து அங்கே மாடி உயரத்துக்கு ஓவியம் தீட்ட வைத்தார்கள். வரைஞ்ச கைகளைக் குறை சொல்லலை. ஆனா தெருவில் நின்று பார்க்கிறவனுக்கு வண்ணம். உள்ளே படுக்கிறவளுக்கு 200 சதுர அடிகூட இல்லாத வீடு. இடத்தோடு விளையாட, முதலில் இடம் இருக்கணும்.

'வெளி' பற்றிப் பேசும் கலைஞர்களே, விமர்சகர்களே! அந்த வெளி யாரை விரட்டிக் கிடைத்தது என்று கேளுங்கள். அதைக் கேட்காத கலை எத்தனை சாமர்த்தியமானாலும் கண்கட்டு வித்தைதான். நாங்க நிக்கிற இடத்துக்கு வந்து ஊரைப் பார்க்க வைக்கிற கலைதான் எங்களுக்கு வேணும்.