கமக்காரரைக் குறை கூறுமுன் ஆற்றை அளக்கட்டும்

கனடாவின் பிறேரிப் புல்வெளியூடாக வடக்கு நோக்கி ஓடும் சிவப்பாறு வினிப்பெக் வாவியில் விழுகிறது. அமெரிக்காவில் தொடங்கும் இந்த ஆறு வாவிக்குக் கொண்டுவரும் நீர் கொஞ்சம்தான். ஆனால் வாவியைச் சேரும் பொசுபரசில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இதன் வழியே வருகிறது. பொசுபரசு மிஞ்சினால் கோடையில் வாவியெங்கும் பாசி படரும். அங்கே மீன்பிடித்து வாழும் ஆதிக்குடிகளின் வலைகளிலும் அது அப்பிவிடும்.

குற்றவாளி யார் என்றால் பலரும் கமக்காரரையே காட்டுகின்றனர். வயலுக்கு இட்ட பசளையும் பண்ணை எருவும் பனி உருகும்போது ஆற்றோடு போவது உண்மை, நாம் மறுக்கவில்லை. ஆயினும் வினிப்பெக் நகரின் வடக்குக் கழிவுநீர் நிலையத்தைப் பாருங்கள். வெளிவிடும் நீரில் லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் பொசுபரசு இருக்கக்கூடாது என்று அதற்கு விதித்தார்கள். 2014 முடிவில் தவணை கழிந்தது. அதன் பின்னும் பல ஆண்டுகள் வேலை இழுபட்டது. 2024 பெப்ரவரியில் குழாய் உடைந்து, 20 கோடி லீற்றருக்கு மேல் கழிவுநீர் ஆற்றில் கொட்டியது. வயல்களோடு பார்த்தால் நகரின் பங்கு சிறிதுதான். என்றாலும் ஒரு குழாயை அடக்குவது ஆயிரம் வயல்களை அடக்குவதிலும் இலகு அல்லவா?

அளக்காமல் சொல்லும் புத்திமதியும் பிழைத்துப்போகும். உழவைக் குறைத்தால் மண் அரிப்புக் குறையும், ஆறும் சுத்தமாகும் என்று கமக்காரருக்குச் சொன்னார்கள். தென் மானிட்டோபாவின் தபாக்கோ ஓடையருகே பல ஆண்டுகள் அளந்து பார்த்தார்கள். அரிப்பும் நைதரசனும் குறைந்தன, பொசுபரசோ கூடியது! உழாத நிலத்தில் பொசுபரசு மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது. பனியில் வாடிய தாள்களிலிருந்தும் அது உருகும் நீரில் கரைந்து போகிறது.

ஆகவே 2016 முதல் அங்குள்ள சாதாரண மக்கள் சின்னச் சின்ன ஓடைகளில் தாமே போத்தலில் நீர் எடுத்துச் சோதனைக்குக் கொடுப்பதை நாம் பெரிதாக மதிக்கிறோம். எல்லா நிலமும் ஒரே அளவில் பொசுபரசை விடுவதில்லை என்பதை அவர்களின் போத்தல்கள் காட்டின. 2022இல் இரு நாட்டு அரசுகளும் எல்லையில் லீற்றருக்கு 0.15 மில்லிகிராம் பொசுபரசு, 1.15 மில்லிகிராம் நைதரசன் என இலக்கு வைத்தன. நல்லதுதான். ஆனால் எல்லையில் எடுக்கும் கணக்கு எந்த ஓடை, எந்தக் குழாய் என்று சொல்லாது. ஓடைதோறும் அளந்து, மிஞ்சும் இடத்துக்கே பணத்தையும் உதவியையும் கொடுக்க வேண்டும் என்பதே எமது கருத்து.

இது நமக்கும் தூரத்துக் கதையல்ல. யாழ்ப்பாணச் சுண்ணக்கல் நிலத்தின் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. பசளை மட்டுமல்ல, மலக்குழியும் அதற்குக் காரணம். ஊர் திரும்பும் குடும்பம் பழைய கிணற்றை இறைத்து, நீர் தெளிந்ததும் குடிக்கத் தொடங்கிவிடுகிறது. அதற்கு முன் அந்நீரைச் சோதித்து, முடிவை எழுத்தில் தரும்படி அதிகாரிகளிடம் கேளுங்கள். நைத்திரேற்று காய்ச்சினாலும் போகாது. கைக்குழந்தைக்கு அது ஆபத்து.