3 வருட ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிய எண்!

14,75,73,95,25,89,67,64,12,927. படிக்கவே மூச்சு வாங்குகிறதா? 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, அதில் 1-ஐக் கழித்தால் வரும் எண் இது. மொத்தம் 21 இலக்கங்கள்.

இது பகா எண், அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது என்று 1644-ல் எழுதினார் ஃபிரெஞ்சுத் துறவி மெர்சென். 1876-ல் லூக்காஸ் என்ற கணித மேதை, 'இது பகா எண் இல்லை' என்று நிரூபித்தார். ஆனால், எந்த எண்ணால் வகுபடும் என்பது அவருக்கும் பிடிபடவில்லை.

1903 அக்டோபர். நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம். பேராசிரியர் ஃபிராங்க் நெல்சன் கோல், ஒரு வார்த்தைகூடப் பேசாமல் 19,37,07,721-ஐ 7,61,83,82,57,287-ஆல் கரும்பலகையில் பெருக்கிக் காட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தாராம். விடை, அதே 21 இலக்க எண்! அரங்கமே கைதட்டியது. இதைக் கண்டுபிடிக்க மூன்று வருட ஞாயிற்றுக்கிழமைகள் ஆனதாகப் பின்னாளில் அவர் சொன்னதாகச் சொல்வார்கள்.

பெருக்குவது சுலபம், பிரிப்பதுதான் கஷ்டம். இணையப் பரிமாற்றங்களைக் காக்கும் ஆர்.எஸ்.ஏ பூட்டின் பலமே இதுதான். கோலின் எண்ணை இன்றைய கம்ப்யூட்டர் நொடியில் பிரித்துவிடும். அதனால், இப்போதைய பூட்டுகளில் 600 இலக்கங்களுக்கு மேல்!

வரும் ஞாயிறு கோலின் பெருக்கலை நீங்களும் போட்டுப் பாருங்களேன். செல்போன் கால்குலேட்டரில் 21 இலக்கம் அடங்குவது சந்தேகம்தான். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்!