இறுகிய மரையும் இளகாத மனமும்

அறிவு பிறழ்ந்தவரை 'மரை கழன்றவர்' என்று சொல்லும் வழக்கு நம்மிடையே நிலைத்துவிட்டது. கழன்ற மரையைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், கழல மறுக்கும் மரையைப் பற்றி வாய் திறப்பதில்லை. கோடியக்கரைப் பக்கம் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். கழன்றதைத் திருப்பி முடுக்கிவிடலாம், இறுகியதை என்ன செய்வது என்பார்கள். இலக்கியம் பேசும் இடத்தில் திருகாணிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கையால் அறியும் அறிவைக் கடைநிலையில் வைக்கும் நம் படிப்பாளிப் பழக்கத்தைப் பற்றிப் பேச, இதைவிடச் சிறிய, இதைவிடப் பொருத்தமான பொருள் நமக்குத் தென்படவில்லை.

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வழியாக இவ்வூரை அறிந்தவர்களுக்குக் கோடிக்கரை என்றால் பூங்குழலியின் படகும் கலங்கரை விளக்கமும்தான் நினைவுக்கு வரும். பறவை பார்க்க வருபவர்களுக்குப் பூநாரையும் வெளிமானும். இங்கு வாழ்பவர்களுக்கோ எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது உப்பு. சோழமண்டலக் கரை தெற்கு நோக்கி வந்து சட்டென்று மேற்கே திரும்பும் முனை இது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை. எந்தப் பக்கமிருந்து காற்று வீசினாலும் அது கடலைத் தொட்டுத்தான் வருகிறது. போதாததற்கு வடக்கே அகத்தியம்பள்ளி, வேதாரண்யம் என உப்பளங்கள். 1930 ஏப்ரலில் இராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்து வந்து சட்டத்தை மீறி அள்ளியது இந்தக் கரையின் உப்பைத்தான். வரலாற்றில் பெருமை சேர்த்த அதே உப்பு, வாசலில் நிற்கும் வண்டியின் ஒவ்வொரு திருகாணியையும் ஓசையின்றித் தின்றுகொண்டிருக்கிறது.

தின்னும் விதத்தை அறிந்துகொள்வது நல்லது. எஞ்சினின் உறை அலுமினியம்; அதில் முடுக்கப்படும் திருகாணி எஃகு. வேறுவேறான இரண்டு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டிருக்க, இடையில் உப்பு ஈரமும் சேர்ந்துவிட்டால், அங்கே ஒரு சின்னஞ்சிறு மின்கலம் பிறந்துவிடுகிறது. அதில் அரிபடுவது அலுமினியம். அரிப்பில் உண்டாகும் வெள்ளைப் பொடி, அழிந்த உலோகத்தைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், மரையின் இடுக்குகள் சிமென்ட் பூசியதுபோல் இறுகிப்போகின்றன. திருகாணியின் தலை பளபளப்பாகத் தெரியலாம். உள்ளே நடப்பதை அது காட்டிக்கொடுப்பதில்லை.

இரண்டாவது பகை நம் கையில் இருக்கும் திருப்புளி. 'ஸ்டார்' என்று நாம் பொதுவாகச் சொல்லும் கூட்டல் குறித் தலையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அமெரிக்கரான ஹென்றி பிலிப்ஸ் 1936-இல் காப்புரிமை பெற்றது. மற்றது, ஜே.ஐ.எஸ். எனப்படும் ஜப்பானியத் தர அளவை ஒட்டியது. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். அளவில் சிறு வேறுபாடு. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 போன்ற வண்டிகளின் எஞ்சின் உறைத் திருகாணிகளில் கடைத்தெருவில் வாங்கிய பிலிப்ஸ் திருப்புளியை வைத்துத் திருகினால், முனை அடிவரை இறங்காமல் மேலேறி வழுக்கும். இரண்டு முறை வழுக்கினால் போதும், கூட்டல் குறி வட்டக் குழியாகிவிடும். ஜப்பானிய வகைத் தலையில் பெரும்பாலும் ஒரு சிறு புள்ளி இருக்கும். அதைக் காணும் கண் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி பொறுமை. முதலில் தலையின் பள்ளத்தில் படிந்த மண்ணை ஊசியால் கிளறி எடுக்க வேண்டும். பிறகு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஓர் இரவு காத்திருக்க வேண்டும். இது நமக்குப் புதிதன்று. காதோடு இறுகிப்போன தோட்டின் திருகாணிக்குத் தேங்காய் எண்ணெய் விட்டு, விடியட்டும் என்று நம் பாட்டிமார் காத்திருந்தது இதே நுட்பம்தான். காலையில் சரியான திருப்புளியை வைத்து, அதன் தலையில் சுத்தியலால் நேராக நாலு தட்டு. அந்த அதிர்வில் உப்பின் பிடி சற்றே விடும். உடனே இடப்பக்கம் திருகிவிடக் கூடாது. மயிரிழை அளவு வலப்பக்கம் முடுக்கி, அதன்பின் தளர்த்த வேண்டும். அசையவில்லையென்றால் இம்பாக்ட் டிரைவர்: சுத்தியல் அடியையே திருகும் விசையாக மாற்றித் தரும் எளிய கருவி. அதற்கும் மசியாவிட்டால் சூடு. ஒரே சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதால் துளை அகன்று கொடுக்கும். பெட்ரோல் டேங்கைக் கழற்றி அப்பால் வைத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறோம். தலை முற்றிலும் மழுங்கிவிட்டதென்றால், அதைத் துளையிட்டு நீக்கி, உறையைக் கழற்றி, எஞ்சிய தண்டை வைஸ் கிரிப்பால் பிடித்துத் திருகலாம். அதுவும் உள்ளேயே முறிந்தால் லேத் பட்டறைக்குப் போய்ப் புது மரை வெட்ட வேண்டியதுதான்.

ராபர்ட் பிர்சிக் 1974-இல் வெளியிட்ட 'ஜென்னும் மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கலையும்' என்னும் நூல் நம்மில் பலர் படித்தது. பக்க உறையின் ஒரு திருகாணி சிக்கிக்கொண்டு தலை சிதைந்துவிட்டால், அந்த நேரத்தில் அதன் விலை மொத்த வண்டியின் விலைக்குச் சமம் என்கிறார் அவர். மேலும் ஒரு படி போய், மனம் அப்படித் திகைத்து நிற்கும் நிலையை வெறுக்காதே, மெய்யான அறிதல் அங்கேதான் தொடங்குகிறது என்றும் வாதிடுகிறார். முதற்பாதியில் நமக்கு முழு உடன்பாடு. மறுபாதியில் ஒரு தயக்கம் உண்டு. சிக்கிய திருகாணியின் முன் அமர்ந்து தியானிப்பதற்கு ஓய்வு வேண்டும். விடியுமுன் உப்பளத்துக்கு வண்டியில் போக வேண்டியவருக்கும், மீன் கூடையைக் கட்டிக்கொண்டு வேதாரண்யம் சந்தைக்கு விரைபவருக்கும் அந்த ஓய்வு கிடையாது. அவர்களுக்குச் சிதைந்த ஒரு தலை என்பது இழந்த ஒரு நாள் கூலி. தத்துவம் அவர்களுக்கும் பயன்பட வேண்டுமானால், சிக்கிய பின் வரும் ஞானத்தைவிடச் சிக்காமல் காக்கும் பழக்கத்தைத்தான் அது முதலில் சொல்லித்தர வேண்டும் என்பது நம் கருத்து.

அந்தப் பழக்கம் மிக எளியது. பழுது எதுவும் இல்லாதபோதே ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழை பிடிக்குமுன், முக்கியமான திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து, மரையில் சிறிது கிரீஸ் தடவித் திரும்ப முடுக்குவது. துருப்பிடிக்காது என்று நம்பி எவர்சில்வர் திருகாணி மாட்டுகிறவர்களும் இதைத் தவிர்க்க முடியாது. எவர்சில்வர் தான் அரிபடாமல் நின்று, அலுமினியத்தை அரிக்கவிட்டுவிடும். வெள்ளம் புகுந்த நாட்களில் வண்டியை நன்னீரால் கழுவுவதும் அப்படித்தான். 2018 நவம்பரில் கஜா கரையைக் கடந்த பகுதியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தமிழ் படித்தவர்களாகிய நமக்கு இதில் இன்னொரு கணக்கும் உண்டு. சங்கப் பாடலில் 'மரை' வந்தால் அது மானினம் என்று மாணவருக்கு உடனே பொருள் சொல்லிவிடுகிறோம். அதே சொல் பட்டறையில் திருகாணியின் சுற்றுவரையைக் குறிப்பதை வகுப்பில் சொல்வதில்லை. மரை வெட்டுவது, மரை தேய்வது, மரை ஏறாமல் குறுக்கே போவது எனப் பட்டறைத் தமிழ் கூர்மையான வினைகளால் ஆனது. வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவன் அந்தச் சொற்களையெல்லாம் கையில் கறையோடு அறிந்திருக்கிறான். நம்முடைய தேர்வுத்தாளில் அந்த அறிவுக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை. அவனும் அது அறிவே அல்ல என்று நம்பிக்கொண்டு, பட்டம் வாங்கியதும் திருப்புளியைத் தொட வெட்கப்படுகிறான். அரை நூற்றாண்டாக நாம் இறுக விட்டிருக்கும் மரை இது. ஓங்கி அடித்தால் தலை சிதையும். கொஞ்சம் எண்ணெய் விட்டுக் காத்திருக்க வேண்டும். அந்த மாணவனை ஒருநாள் முன்வரிசைக்கு அழைத்து, அவன் அறிந்த சொற்களைக் கரும்பலகையில் எழுதச் சொல்வதிலிருந்து தொடங்கலாம்.