சயாம் ரயில் பாதையில் மாண்டவர் கதை வகுப்பறைக்கு வரட்டும்: எங்கள் நிலைப்பாடு

சயாம்–பர்மா ரயில் பாதையில் மாண்ட தமிழ்த் தொழிலாளர்களின் கதையை அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மாணவர்களிடம் நேரில் சொல்லப் பள்ளிகள் இடம் தரவேண்டும். சென்னை சிந்தாதிரிப்பேட்டையில் கூடும் வாசகர் குழுவின் நிலைப்பாடு இது.

இரண்டாம் உலகப் போரில் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைக்க ஜப்பானிய ராணுவம் 1942இல் தொடங்கிய 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் உழைத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல்; இறந்தவர்கள் சுமார் 12,000. ஆசியத் தொழிலாளர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம். அவர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்பது கணிப்பு. மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டத் தமிழர்கள். இலவசமாகப் படம் காட்டுவதாகக் கூட்டி, கதவைச் சாத்தி, அப்படியே ஏற்றிச் சென்றதைப் பிழைத்து வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அங்கே கொட்டும் மழை, ஒழுகும் அத்தாப்பு ஓலைக் கொட்டகை, காலரா.

தாய்லாந்தின் காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் அடக்கமாகியிருக்கிறார்கள். ராணுவங்களிடம் பெயர்ப் பதிவேடு இருந்தது. தோட்டத்துக் கூலிக்கு ஏது பதிவேடு? அவர் பெயர் தெரிந்த ஒரே இடம் அவர் குடும்பம். ஆகவே வீட்டுக் கதை இங்கே வரலாற்றுக்குத் துணைச் சான்று அல்ல. பல பேருக்கு அதுவே முதல் சான்று. யூத இனப்படுகொலையில் மாண்டவர்களில் பலரின் பெயர்களை ஜெருசலேமின் யாத் வாஷெம் நினைவகம் மீட்டதும் இப்படித்தான்: இறந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள், நிரப்பித் தந்தவர்கள் பெரும்பாலும் உறவினர்கள்.

கேள்விப்பட்டதில் பிழை வரும், பிள்ளைகள் பயப்படுவார்கள், ஜப்பானியர் மீது வெறுப்பு வளரும் என்று சிலர் சொல்கிறார்கள். இந்தக் கவலைகளை மதிக்கிறோம். அதனால்தான் நாங்கள் கோருவது:

1. ஒன்பதாம் வகுப்பு முதல் சொல்லலாம். கொடுமையை மிகைப்படுத்தக் கூடாது.

2. சொல்பவரின் சம்மதம் கட்டாயம். அவர் மறைக்கச் சொல்லும் பெயரை மறைக்க வேண்டும்.

3. நேரில் கண்டது, கேட்டது, ஊகித்தது மூன்றையும் பிரித்துப் பதிய வேண்டும். பழைய கடிதங்களோடும் எழும்பூர் ஆவணக் காப்பகக் கோப்புகளோடும் ஒப்பிட மாணவர்களைப் பழக்க வேண்டும்.

4. அந்தப் பாதையில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பிறகு வாழ்நாளெல்லாம் காஞ்சனபுரிக்குப் போய்ப் பிராயச்சித்தம் தேடிய நாகாசே தகாஷியின் கதையும் பாடத்தில் இடம்பெற வேண்டும்.

பிழைத்து வந்தவர்களிடம் நேரில் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கே இன்று எழுபது, எண்பது வயது. சயாமுக்குப் போனவர் உங்கள் குடும்பத்தில் உண்டென்றால், அவர் பெயர், சொந்த ஊர், வேலை பார்த்த தோட்டம் மூன்றையும் வீட்டுப் பெரியவரிடம் கேட்டு இந்த வாரமே எழுதி வையுங்கள்.