முன்றிலும் காடும்: புதுக்கோட்டையில் மனையமைத்தல் குறித்து

இயற்கையோடு இயைந்த புதுமனைக்குச் செட்டிநாட்டு வீட்டை முன்மாதிரியாகக் காட்டுவது இன்று வழக்கமாகிவிட்டது. இது பாதியளவே பொருந்தும் என்பது என் கருத்து. புதுக்கோட்டை மாவட்டத்து இராயவரம், குழிபிறை, கோனாபட்டு ஆகிய ஊர்களின் பழைய வீடுகளில் முற்றம் காற்றையும் ஒளியையும் மழைநீரையும் உள்ளே ஏற்கிறது. தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் வெயிலைத் தணிக்கின்றன. ஆயின், அவற்றின் தூண்களிலும் உத்தரங்களிலும் நிற்பது பர்மாத் தேக்கு. இவ்வூர் வெயிலுக்கு இணங்கிய வீடு, கடல் கடந்த காடொன்றின் மரத்தால் எழுந்தது. உள்ளிருக்கும் குளிர்ச்சியை மட்டும் அளந்தால் இது கண்ணிற்படாது.

காட்டோடு இயைதல் எனில், எந்தக் காட்டோடு என்னும் வினா முதலில் எழவேண்டும். சாலையோரங்களில் நெடுந்தூரம் தொடரும் தைலமரத் தோப்புகள் காகிதக் கூழுக்காக வளர்க்கப்படுபவை. அவற்றைக் காடென்பது சொற்குற்றம். இம்மண்ணுக்குரிய உலர் பசுமைமாறாக் காடு ஐயனார் கோயிற்காடுகளில்தான் எஞ்சியுள்ளது. வீரையும் உலக்கைப்பாலையும் அங்கு நிற்கின்றன. சங்கப் புலவர் முல்லைத் திணையில் பாடிய நீலமலர்க் காயாவும் அங்கு உண்டு. காசான் என்பது அதன் ஊர்வழக்கு. பல ஊர்களில் இக்காடுகளில் விழுந்த சுள்ளியைக்கூட எடுப்பதில்லை. அங்கே வீடு கட்டும் எண்ணமே எழுந்ததில்லை. காட்டோடு இயைந்த வாழ்வு அதிலிருந்து விலகி நிற்பதாகவும் இருந்துள்ளது.

அவ்விலகலுக்குத் தமிழில் பெயருண்டு. மனையை அடுத்த தோட்டம் படப்பை. இல்லின் முன்னிடம் முன்றில். ‘இல்முன்’ என்பது நிலைமாறி முன்றிலாயிற்று என்பதை இலக்கணப்போலிக்குச் சான்று காட்டுவதோடு நாம் நின்றுவிடுகிறோம். புறநானூற்றின் 320ஆம் பாடலில் முன்னையும் முசுண்டையும் படர்ந்து, பந்தலுக்குத் தேவையின்றி முன்றிலை நிழலாக்குகின்றன. வேட்டுவன் உறங்குகிறான். பிணையோடு கலை விளையாடுகிறது. ஓசை எழுந்தால் கணவன் விழிப்பான், கலை அகன்றுவிடும் என அஞ்சி மனைவி அசையாதிருக்கிறாள். காடு வந்துபோகும் இடமாக முன்றில் அமைந்திருப்பதையே இப்பாடலில் நான் காண்கிறேன்.

இன்றைய மனைகளில் முதலில் எழுவது சுற்றுமதில். முன்றில் அதனுள் அடைபட்டு வாகனக் கூடமாகிறது. உள்ளூர்ச் செம்பூரான்கல்லால் சுவரெழுப்புவதும், இடித்த வீடுகளின் பழைய மரத்தை மீளப் பயன்படுத்துவதும் நன்றே. அவற்றினும் முதன்மையானவை இரண்டு: ஏற்கெனவே திருத்தப்பட்ட நிலத்திலேயே மனைகோலுதல்; காட்டை நோக்கிய பக்கத்தில் மதிலின்றி, இரவில் விளக்குமின்றி, முன்னைப் புதர் வேலியோடு முன்றிலைத் திறந்துவிடுதல்.