சாவியோடு ஒரு கடுதாசியும் தரவேண்டும்

புதுவீடு கையளிக்கும் நாளில் என்ன நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பந்தல் போடுவார்கள், தப்பு அடிப்பார்கள், நாடா வெட்டுவார்கள். அட்டையில் செய்த பெரிய சாவியை ஒரு குடும்பத்தின் கையில் கொடுத்துப் படம் எடுப்பார்கள். வந்தவர்களின் வாகனங்கள் போனபிறகு நாம் பால் பொங்க வைத்துக் குடிபோவோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பராவில் மூன்று தலைமுறை படுத்தெழும்பிய நமக்கு, 7 பேர்ச் காணியில் 550 சதுர அடியில் தனிவீடு என்பது சின்ன விடயமல்ல. அதற்காக எத்தனை வருடம் கேட்டோம் என்பதை மறந்து இதை எழுதவில்லை.

ஆனால் அந்த நாளில் சாவி மட்டுந்தான் கைக்கு வருகிறது. வீட்டில் குறை வந்தால் யார் திருத்துவது, எத்தனை மாதத்துக்குள் திருத்துவது, யாரிடம் சொல்வது என்று எழுதிய ஒரு கடுதாசியும் வருவதில்லை. தையல் மெசினோ ரைஸ் குக்கரோ வாங்கினால்கூட உத்தரவாத அட்டையில் கடைக்காரரின் சீல் விழுந்திருக்கிறதா என்று பார்த்து வாங்குகிறோம். வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கும் வீட்டுக்கு அப்படி எதையும் கேட்பதில்லை.

மேற்குச் சரிவில் உள்ள ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெப்ரவரி மாதம், நல்ல வெயில் காலத்தில் வீடு கொடுத்தார்கள். அப்போது எந்தக் குறையும் தெரியவில்லை. ஜூன் மாத மழையில் முகட்டுப் பக்கம் ஒழுகியது. பின்பக்கச் சுவர் ஆளுயரத்துக்கு ஈரம் குடித்தது. குசினித் தரை ஓரமாகப் பிளந்தது. அந்த வீட்டு அக்கா தோட்டத் தலைவரிடம் சொன்னார். தலைவர் கொந்தராத்துக்காரரின் ஆளுக்குப் போன் எடுத்தார். “வாறோம் தலைவரே, மழை விடட்டும்” என்றார்கள். மழை விட்டது. தீபாவளி போய் பொங்கலும் போனது. மார்ச் மாதம் எமது சங்கம் கடிதம் எழுதியபோது, பொறுப்புக் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்தப் பதிலை வாசித்துக் காட்டியபோது அக்கா கேட்டது இதுதான்: “அந்தக் காலம் எப்ப தொடங்குச்சி, எப்ப முடிஞ்சிச்சின்னு யாருங்கண்ணே எங்ககிட்ட சொன்னா?”

நாமும் சொல்லவில்லை. அந்தத் திறப்புவிழாவில் எமது சங்கத்தின் ஆட்களும் மேடையில் இருந்தார்கள்.

கொந்தராத்து முறையில் ஒரு கட்டடம் கட்டும்போது, ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் என்று ஒன்று எழுதப்படும். இலங்கையில் அது வழக்கமாக ஒரு வருடம், அதாவது 365 நாட்கள். கட்டடத்தைப் பொறுப்பேற்ற திகதியிலிருந்து கணக்குத் தொடங்கும். அந்தக் காலத்துக்குள் தெரியவரும் குறைகளைக் கொந்தராத்துக்காரர் தன் செலவில் திருத்த வேண்டும். அவர் திரும்பி வருவதற்காக, கொடுக்கவேண்டிய பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பார்கள். வேலை முடிந்ததும் அதில் பாதியையும், பொறுப்புக் காலம் முடிந்ததும் மீதியையும் விடுவிப்பது வழக்கம். ஆகவே அந்த ஒரு வருடத்துக்குள் குறை எழுத்தில் போய்ச் சேர்ந்தால், திருத்திக் கொடுக்காமல் அவர் தன் பணத்தை எடுப்பது கஷ்டம். போகாவிட்டால் கடைசிப் பரிசோதனையில் “குறை இல்லை” என்று கையொப்பமாகி, காசும் போய்விடும். தலைவர் எடுத்த போன் அழைப்புக்கு அங்கே கணக்கில்லை.

சிக்கல் வேறோர் இடத்திலும் இருக்கிறது. அந்த ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் கையெழுத்து வைப்பவர் கொந்தராத்துக்காரர். மறுபக்கம் வைப்பது அமைச்சோ, ட்ரஸ்டோ, திட்டத்தை நடத்தும் வேறு நிறுவனமோ. ஒழுகும் கூரைக்குக் கீழே படுப்பவரின் பெயர் அதில் எங்கும் இல்லை. உத்தரவாதம் இருக்கிறது, ஆனால் நம் பெயரில் இல்லை. கட்டிய வீட்டை அதிகாரிகள் பொறுப்பேற்று மூன்று நான்கு மாதம் கழித்து, அமைச்சர் வரும் நாளில் நமக்குத் திறந்து கொடுத்தால், நாம் குடிபோகும்போதே அந்த ஒரு வருடத்தில் கால்வாசி கரைந்திருக்கும். விழாவுக்கு நாள் பார்ப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

எல்லா வீடும் கொந்தராத்துக்காரர் கட்டியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சில திட்டங்களில் தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தின் மூலம், குடும்பங்களே பாஸ்மாரைப் பிடித்துக் கட்டின. முந்திய காலத்தில் கடனுக்குக் கட்டி, சம்பளத்தில் மாதாமாதம் கழித்த வீடுகளும் உண்டு. அங்கே பிடித்து வைத்த பணம் என்ற ஒன்று இருக்காது. அப்படிக் கட்டுகிறவர்கள் பாஸின் கடைசித் தவணையில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் போகும்வரை தங்கள் கையில் வைத்திருப்பது நல்லது. அதைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

காப்புறுதியையும் இதையும் சிலர் ஒன்றாக நினைக்கிறார்கள். காப்புறுதி தீ, புயல் போன்று திடீரென்று வரும் சேதத்துக்கு. சீமெந்து குறைத்துப் பூசிய சுவருக்குக் காப்புறுதிக் கம்பனி காசு தராது. அமெரிக்கா போன்ற நாடுகளில் வீட்டு உத்தரவாதத் திட்டம் என்று தனியாக விற்கிறார்கள். வருடத்துக்கு ஒரு தொகை கட்டினால் குழாய், மின்சாரம், சூடாக்கும் இயந்திரம் போன்றவை பழுதாகும்போது ஆளனுப்பித் திருத்துவார்கள். ஒவ்வொரு முறை ஆள் வரும்போதும் தனிக்கட்டணம் உண்டு. எது எதற்குப் பொருந்தாது என்ற பட்டியலும் நீளமாக இருக்கும். நமக்கு வேண்டியது அதுவல்ல. நமக்குரியது கட்டியவரின் உத்தரவாதம். அதற்கான விலை ஒப்பந்தத் தொகைக்குள்ளேயே கொடுக்கப்பட்டுவிட்டது.

“சும்மா கிடைத்த வீட்டுக்கு உத்தரவாதமும் கேட்பதா?” என்று ஒரு துரையோ, ஓர் அதிகாரியோ, சில நேரம் நம் பக்கத்து வீட்டுக்காரரோ கேட்பதுண்டு. கொந்தராத்துக்காரர் சும்மா கட்டவில்லை. இந்த நாட்டு மக்களின் வரிப்பணமும் இந்திய மக்களின் பணமும் அவருக்குப் போயிருக்கிறது. வாங்கிய காசுக்கு வேலை சரியாக இருக்க வேண்டும் என்று கேட்பதில் நன்றிகெட்டதனம் எதுவும் இல்லை.

சுவர் வெடிப்பைச் சின்ன விடயமாகவும் எடுக்கக்கூடாது. சரிவை வெட்டி ஒரு பக்கம் மண் நிரப்பித்தான் நமது வீடுகள் எழும்புகின்றன. நிரப்பிய மண் இறங்கினால் முதலில் காட்டுவது தரையும் மூலைச் சுவரும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். வெடிப்பு நாளுக்கு நாள் அகன்றால், பின்பக்க மண்மேட்டில் புதிதாக நீர் கசிந்தால், அது திருத்த வேலைக்குக் காத்திருக்கும் விடயமல்ல. உடனே கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச செயலகத்துக்கும் அறிவித்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் வந்து பார்க்கக் கேட்க வேண்டும்.

எமது கோரிக்கை பெரியதல்ல. சாவி கொடுக்கும் நாளில் வீட்டுக்காரரின் பெயரில், தமிழில், ஒரு பக்கக் கடுதாசி வேண்டும். பொறுப்புக் காலம் எந்தத் திகதியில் முடிகிறது, குறையை எந்த அதிகாரிக்கு எழுதுவது என்று அதில் இருக்கவேண்டும். குடிபோகும் நாளிலிருந்து முழுதாக ஒரு வருடம் கிடைக்க வேண்டும். மேற்குப் பக்கத்துக்கு ஒரு மழை, ஊவாப் பக்கத்துக்கு ஒரு மழை என்று பார்த்தால், எந்தத் தோட்டமானாலும் ஒரு முழுப் பருவம் அதற்குள் வந்துபோகும். கடைசிப் பரிசோதனையில் வீட்டுக்காரரும் கையொப்பமிட்ட பிறகே மீதிப் பணத்தை விடுவிக்க வேண்டும். கூரைத் தகட்டுக்கும் தண்ணீர்த் தாங்கிக்கும் கம்பனி கொடுக்கும் உத்தரவாத அட்டைகள், பில்லின் பிரதியோடு நம் கைக்கு வரவேண்டும். இப்போது அவை கொந்தராத்துக்காரரின் பைலில் கிடக்கின்றன.

காணி உறுதி இல்லாதவரை இதெல்லாம் எப்படி என்று கேட்பீர்கள். உறுதிக்கான போராட்டம் வேறு, அது நிற்காது. உறுதி கையில் இல்லாததால்தான் தோட்ட நிர்வாகம் “எங்கள் வீடல்ல” என்கிறது, திட்டக்காரர் “கொடுத்துவிட்டோம்” என்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒழுகல் நமக்கு. ஆனால் உறுதி வரும்வரை கூரை காத்திருக்காது.

நம் பக்கம் செய்யவேண்டியதும் உண்டு. குடிபோன வாரத்திலேயே ஒவ்வொரு சுவரையும் தரையையும் கூரையின் உட்பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள். குசினியை நீட்டித் தகரம் இறக்குவது, அடுப்புப் புகைக்குக் கூரையில் ஓட்டை போடுவது எல்லாம் நமது தேவைதான். ஆனால் பிறகு ஒழுகினால் “நீங்கள் கைவைத்ததால் வந்தது” என்பார்கள். முடிந்தால் ஒரு வருடம் பொறுங்கள். முடியாவிட்டால் கைவைக்க முன் படம் எடுங்கள். குறையைக் கடிதமாக எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

திகதி தெரியாதவர்கள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் தகவல் அதிகாரி அதை எழுதிக்கொள்ள வேண்டும். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பொறுப்பேற்ற திகதியையும், பிடித்து வைத்த பணம் விடுவிக்கப்பட்டதா என்பதையும் கேளுங்கள். அந்த அக்காவுக்காக இதே கேள்விகளை எழுதிக் கொடுத்திருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது, கடந்த ஒரு வருடத்துக்குள் புதுவீட்டுக்குப் போனவர்கள் குடிபோன திகதியையும் வீட்டின் படங்களையும் கொண்டுவாருங்கள். பதினொராம் பன்னிரண்டாம் மாதத்தில் இருப்பவர்களின் கடிதங்களை முதலில் எழுதுவோம்.