இரும்பு மாத்திரையும் இரைப்பையும்

 

கருவுற்ற பெண்கள் இருக்கும் இல்லங்களில் அலமாரியைத் திறந்து பாருங்கள். பிரிக்கப்படாத சிவப்பு மாத்திரை அட்டைகள் நான்கைந்தேனும் கிடக்கும். சுகாதார நிலையத்தில் கொடுத்தார்கள், இரண்டு நாள் விழுங்கினோம், வயிற்றைப் புரட்டியது, நிறுத்திவிட்டோம். அடுத்த முறை செவிலியர் கேட்டால், "தவறாமல் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிடுகிறோம். இந்தப் பொய்யால் ஏமாறுபவர் செவிலியர் அல்லர்.

அம்மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உள்ளன. கர்ப்ப காலத்தில் 180 நாட்களும், பிள்ளை பெற்றபின் 180 நாட்களும் இதை உண்ண வேண்டும் என்பது அரசின் திட்டம். விழுங்கிய இரும்பில் சிறு பகுதியையே குடல் ஏற்கிறது. எஞ்சியது குடலிலேயே தங்கி அதை உறுத்துகிறது. குமட்டல், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல் ஆகியவற்றுக்குக் காரணம் இதுவே. மலம் கருநிறமாவதும் இதனால்தான். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தார்போல் ஒட்டிக்கொண்டு, கடும் நாற்றத்துடன் போனால் அது குடலில் கசியும் இரத்தமாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள்.

"மாத்திரை எதற்கு? பேரீச்சம் பழம் போதாதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. பேரீச்சை அருமையான உணவுதான். எனினும் 100 கிராம் உண்டாலும் சில மில்லிகிராம் இரும்பே அதில் கிடைக்கும். இரத்தசோகை கொண்ட தாய்க்கு அது ஈடாகாது. பிரசவத்தின்போது ஏற்படும் இரத்தப்போக்கை நலமுள்ள உடல் தாங்கிக்கொள்ளும். சோகை பிடித்த உடலுக்கோ அதே அளவு போக்கு உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

அவ்வாறாயின் வயிற்றை என்ன செய்வது? வெறும் வயிற்றில் உண்டால் இரும்பு நன்றாகச் சேரும் என்பது உண்மை. குமட்டுகிறவர்கள் இரவு உணவுக்குப் பின் உண்ணலாம். சற்றுக் குறைவாகச் சேர்ந்தாலும் நிறுத்திவிடுவதைவிட அது மேல். தேநீருடன் மட்டும் வேண்டாம். இரும்பைச் சேரவிடாமல் தடுப்பதில் தேநீருக்கு நிகரில்லை. எலுமிச்சைச் சாறு அருந்துங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் கொடுத்திருந்தால் இரண்டுக்குமிடையே 2 மணி நேரமாவது விடுங்கள். நிறையத் தண்ணீர், கீரை, கொய்யாப்பழம் ஆகியவை மலச்சிக்கலைத் தணிக்கும். இதற்கும் அடங்கவில்லையெனில் மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி கூறுங்கள். வேறு வகை மாத்திரைக்கு மாற்றவும், அளவைக் குறைக்கவும், ஒருநாள் விட்டு ஒருநாள் தரவும் அவருக்கு வழியுண்டு.

ரமளானில் ஸஹரின் கடைசி நிமிடத்தில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தேநீரைக் குடித்துவிட்டு, பகலெல்லாம் நெஞ்செரிகிறதே என்று வருந்துகிறோம். மாத்திரையைத் தராவீஹுக்குப் பின் வைத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையையும் மருத்துவரின் சொல்லையும் சேர்த்துப் பார்த்து நோன்பை முடிவு செய்யுங்கள்.

இனி, வளைகுடாவிலிருந்து மச்சான் கொண்டுவரும் வைட்டமின் புட்டிகள். உறை ஹலாலான ஜெலட்டினா என்று விசாரிக்கிறோம், விசாரிக்கத்தான் வேண்டும். உள்ளே எத்தனை மில்லிகிராம் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. 1000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரையைச் சளிக்கு நல்லதென்று நாளுக்கு மூன்று விழுங்கினால், குடல் ஏற்காத மிச்சம் நீரை இழுத்துக் கழிச்சலில் கொண்டுபோய் விடும். மக்னீசியமும் அப்படியே. வைட்டமின் ஏ இதைவிடக் கவலைக்குரியது. மிகுதியானது சிறுநீரில் வெளியேறாமல் ஈரலில் சேர்ந்துவிடும். கருவிலுள்ள சிசுவுக்கு ஊறு செய்யும். ஆகவே கர்ப்பிணிகள் அந்தப் புட்டியை மருத்துவரிடம் காட்டாமல் திறக்க வேண்டாம். அதில் இரும்பும் இருந்து, அரசு மாத்திரையும் உண்டால் அளவு இரட்டிப்பாகும். வயிறும் இருமடங்கு வருந்தும்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அந்தச் சிவப்பு மாத்திரை குழந்தைகளின் கண்ணுக்கு மிட்டாய். சின்னஞ்சிறு பிள்ளை ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிர் போகலாம். எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டதாக ஐயம் தோன்றினால், வாந்தி வருகிறதா என்று காத்திராமல், அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.